நெகிழிக் கழிவின் வேதி மறுசுழற்சி: டர்பனில் ஆய்வைத் தொடங்குபவர் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

உம்கெனிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் வேதிப் பொறியியலில் முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். நெகிழிக் கழிவின் வேதி மறுசுழற்சி என்பது தலைப்பு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் உம்கெனி ஆற்றின் முகத்துவாரத்தில் கரும்புச் சக்கையும் நாணலும் மரக்கட்டையும் நெகிழியும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு, நான் இத்தலைப்பை எடுத்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பைகள் செய்யப் பயன்படும் பாலிஎதிலீனை உயிர்வளியின்றி 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, செட்.எஸ்.எம்.-5 என்னும் சியோலைட் (நுண்துளைக் கனிம) வினையூக்கியின் உதவியுடன் எண்ணெயாக மாற்றுவதே என் முதல் திட்டம். நெறியாளர் அதைத் தடுக்கவில்லை, ஆனால் "இதில் புதிது என்ன?" என்று மட்டும் கேட்டார். மூன்று வாரமாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தும் அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இதே வினையூக்கியையும் இதே பாலிமரையும் வைத்துப் பல பத்தாண்டுகளாகச் செய்திருக்கிறார்கள்.

இத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்களும், அதை வெளியிலிருந்து ஐயத்துடன் நோக்குபவர்களும் இம்மன்றத்தில் உண்டு என்பதால் கேட்கிறேன். தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக எங்கள் மாகாணத்தில், உண்மையில் விடை தேவைப்படும் கேள்வி எது? சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில் எழுதுகிறேன்; கலைச்சொற்களில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

சுண்ணாம்புக்கல்

வாழ்த்துகள், தங்கச்சி. மதுரையில் படித்து, பத்தாண்டுகளாக ஜோகன்னஸ்பர்க்கில் பாலிமர் வேதியியல் கற்பிப்பவன் நான். முதலில் தலைப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். "வேதி மறுசுழற்சி" என்ற ஒரே குடையின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வேலைகள் நிற்கின்றன. அவற்றை ஒன்றாகப் பேசுவதால்தான் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் வாதிடுகிறார்கள்.

பாலிமரின் முதுகெலும்பில் எந்தப் பிணைப்பு இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெட் (PET) என்னும் நெகிழிப் பாட்டிலிலும் பாலியெஸ்டர் புடவையிலும் இருப்பது எஸ்டர் பிணைப்பு. அது உருவானபோது நீரோ ஆல்கஹாலோ வெளியேறியது, ஆகவே அதைத் திரும்பக் கொடுத்தால் பிணைப்பு அவிழும். எதிலீன் கிளைகால் கொடுத்து 180 முதல் 240 பாகை வரை துத்தநாக அசிட்டேட்டுடன் சூடாக்குவது ஒரு வழி, மெத்தனால் கொடுத்து அழுத்தத்தில் வைப்பது இன்னொரு வழி, நீரால் பிளப்பது மூன்றாம் வழி. மூன்றிலும் கிடைப்பது திட்டவட்டமான மூலக்கூறு. அதைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அதே பாலிமரைச் செய்யலாம். நைலான்-6 என்பதை அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டமாகத் திருப்புவதும் இவ்வகையே, அதுவும் பழைய தொழில்.

பாலிஎதிலீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் கார்பன்–கார்பன் பிணைப்புகள் மட்டுமே உள்ளன. அங்கே அவிழ்க்க முடிச்சு இல்லை. அறுக்கத்தான் முடியும், அதுவும் கண்ட இடத்தில் அறுபடும். அக்ரிலிக் கண்ணாடித் தகடு சூட்டில் ஒழுங்காகத் தன் மோனோமராகவே, அதாவது சங்கிலியின் ஒற்றைக் கண்ணியாகவே, கழன்று வருகிறது, ஏனெனில் அதன் சங்கிலி சமநிலை குலையும் உச்ச வெப்பநிலை 200 பாகையை ஒட்டியது. பாலிஎதிலீனுக்கு அவ்வெல்லை 600 பாகையையும் தாண்டும். அதற்கு முன்பே சங்கிலி ஆங்காங்கே முறிந்து, மெழுகு முதல் வாயு வரை நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவையாகிவிடுகிறது. அக்கலவையிலிருந்து புதிய நெகிழி செய்ய வேண்டுமென்றால், அதைச் சுத்திகரித்து, 800 பாகைக்கு மேல் நீராவிப் பிளப்பு உலையில் இட்டு, எதிலீனாக உடைத்து, மறுபடி கோக்க வேண்டும்.

ஆகவே முதலில் எந்த நெகிழி என்று முடிவு செய்யுங்கள். வினையூக்கியைப் பற்றி அதற்குப் பின் பேசலாம்.

தமிழ்வகுப்பு

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். உயிர்வளியின்றிச் சூட்டால் சிதைப்பதை "வெப்பச்சிதைவு" என்று எழுதலாம்; "எரிப்பு" என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் வேறு. இராமநாதபுரத்துக் காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசிக் காற்றை அடைத்துக் கரிமூட்டம் போடுகிறார்களே, அதுவும் வெப்பச்சிதைவுதான். மூட்டத்தில் ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். இந்த வேறுபாட்டை நம் முன்னோர் கையால் அறிந்திருந்தார்கள்.

மெரிபேங்க் மகள்

ஐயா, கரிமூட்டத்தின் அருகில் குடியிருந்தவரிடம் புகையைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

நான் டர்பனின் தென்பகுதியில் உள்ள மெரிபேங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருக்களுக்கு இந்திய ஊர்ப்பெயர்கள். எங்கள் காற்றுக்கு மட்டும் எண்ணெய் ஆலையின் வாடை. இரு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு காகித ஆலைக்கும் நடுவே பள்ளிக்குச் சென்றோம். என் தம்பியின் புத்தகப்பையில் மூச்சிழுப்பான் இல்லாத நாளே இல்லை. இன்று அவ்விரு ஆலைகளும் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பதில்லை. ஒன்று 2020 டிசம்பரில் நடந்த தீ விபத்துக்குப் பின்னும், மற்றது 2022இலும் நின்றுபோயின. இப்போது "பசுமை" என்ற பெயரோடு நெகிழியை எண்ணெயாக்கும் ஆலை வரலாம் என்று யாராவது பேசத் தொடங்கினால், அது எந்த ஊரில் நிற்கும் என்பதை எங்களால் ஊகிக்க முடியாதா? 2021 ஜூலையில் டர்பனை அடுத்த கார்னூபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்தபோது, உள்ளே என்ன இருந்தது என்று அறியாமலே அக்கம்பக்கத்தார் நாள்கணக்கில் அப்புகையைச் சுவாசித்தார்கள்.

தங்கையின் ஆய்வைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆனால் ஆய்வுக்கூடத்துக் கட்டுரைகள் எதிலும் நான் காணாத சில கேள்விகள் என்னிடம் உள்ளன. உலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வெளியேறும் வாயு எங்கே போகிறது? பென்சீன் எவ்வளவு? ஓடிக்கொண்டிருக்கும் உலைக்கு நடுவில் மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்? மிஞ்சும் கரியில் என்ன இருக்கிறது, அதை யார் எங்கே கொட்டுவார்கள்?

பழைய கொதிகலன்

மெரிபேங்க் மகளின் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அம்மா. முப்பது ஆண்டுகள் நிலக்கரியை வாயுவாக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளியார் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மின்வெட்டு வந்தால் இரண்டு நடக்கும். முதலாவது, குளிர்விப்பான் நின்றுவிடும், ஆனால் உலையின் உள்ளிருக்கும் சூடு நிற்காது. நெகிழி தொடர்ந்து ஆவியாகும்; அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லையென்றால் அழுத்தம் ஏறும். ஆகவே மின்சாரமே தேவைப்படாத நைட்ரஜன் கலன்களும், தானே பற்றி எரியும் எரிகோபுரமும் இருந்தே தீர வேண்டும். நீங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் தீநாக்கு பெரும்பாலும் அதுதான். இரண்டாவது, குழாய்களில் இருக்கும் மெழுகு ஆறி உறைந்துவிடும். அதைச் சூடேற்றி வெளியேற்றச் சில நாள்கள் ஆகும், அந்நாள்களில்தான் கசிவும் விபத்தும் அதிகம். சீராக ஓடும் ஆலையின் உமிழ்வை மட்டும் அளந்துவிட்டு "எல்லைக்குள் உள்ளது" என்று எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

இனி தங்கையின் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அதை யாரும் இதுவரை சொல்லவில்லை. உலகின் பெரும்பாலான பகுதிகளில் நெகிழி எண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் பிறக்கிறது. இங்கே பெரும்பாலும் நிலக்கரியில் பிறக்கிறது. ஜெர்மனியில் ஃபிஷரும் ட்ரோப்ஷும் 1925இல் கண்ட முறையை எடுத்துக்கொண்டு, இந்நாட்டின் சாசோல்பர்க்கில் 1955இல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுத்தார்கள். பின் செக்குண்டாவில் அதைப் பன்மடங்கு பெரிதாக்கினார்கள். நிலக்கரியை நீராவியாலும் உயிர்வளியாலும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்ற இரு வாயுக்களாக உடைத்து, அவற்றை மீண்டும் கோத்தால் மெழுகும் பெட்ரோலும் எதிலீனும் கிடைக்கும். நெகிழியையும் அவ்வாறே வாயுவாக்கலாம். ஜப்பானின் கவாசாகியில் 2003 முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 டன் நெகிழிக் கழிவை வாயுவாக்கி, அதன் ஹைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்கிறார்கள். இவ்வழியின் சிறப்பு, எந்த நெகிழி என்ற கேள்வி பெரிதாக எழாது. குளோரினையும் வாயு நிலையிலேயே கழுவி எடுத்துவிடலாம்.

ஆனால் உடனே துள்ள வேண்டாம். இங்குள்ள நிலைப்படுகை உலைகள் கட்டிக் கட்டியான நிலக்கரிக்காக அமைக்கப்பட்டவை. கட்டிகளுக்கு இடையே வாயு ஏறுவதற்குச் சந்து வேண்டும். நெகிழி இளகி அந்தச் சந்தை அடைத்துவிடும். மேலும் இவ்வளவு பெரிய உலைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே சீராகத் தீனி போட வேண்டும். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் 1994இல் ஆண்டுக்கு 15,000 டன் கொள்ளளவுடன் தொடங்கிய நெகிழிப் பிளப்பு ஆலையை இரண்டே ஆண்டில் மூடினார்கள். வேதியியல் வேலை செய்தது. கட்டுப்படியாகும் விலையில் தீனி வரவில்லை.

உம்கெனிக்கரை

நன்றி ஐயா. நொதிகளைப் பற்றியும் படித்தேன். 2016இல் ஜப்பானின் சகாய் நகரில் பெட் நெகிழியைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். 2020இல் பிரான்சில் மாற்றியமைத்த ஒரு நொதி, பத்து மணி நேரத்தில் 90 விழுக்காட்டைப் பிளந்தது என்று வெளியிட்டார்கள். அதைத் தொடரலாமா?

சுண்ணாம்புக்கல்

அழகான அறிவியல், ஆனால் மேலே சொன்ன எஸ்டர் முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டுமே அந்தக் கத்தரிக்கு வேலை. பாலிஎதிலீன் பையை அது தொடாது. பெட்டிலும் படிகமாக இறுகிய பகுதி எளிதில் இடம் கொடுக்காது. முதலில் உருக்கி, சட்டென்று குளிர்வித்து, பொடியாக்கி, 70 பாகைக்குச் சற்று மேலே வைத்தால்தான் அந்த வேகம் வரும். அமிலம் சேரச் சேரக் காரம் ஊற்ற வேண்டும். முடிவில் உப்பு மலைபோல் சேரும். இதைவிட முக்கியமான ஒன்று: இந்நாட்டில் தெளிந்த பெட் பாட்டிலுக்கு 2004 முதலே ஒழுங்கான சேகரிப்பு அமைப்பும் வாங்குபவரும் உண்டு. கழுவி உருக்கினாலே போதுமானதை வேதி உலைக்கு இழுப்பது வீண். நிறமேற்றிய பெட், உணவுத் தட்டு, பருத்தி கலந்த பாலியெஸ்டர் துணி ஆகியவற்றில் மட்டுமே அவ்வழிக்கு நியாயம் இருக்கிறது.

பக்கிக்காரன்

வணக்கம். நான் படித்தவனல்லன், இசிபிங்கோ பக்கம் பழைய பொருள் வாங்கும் முற்றம் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதிப் பழக்கமில்லாததால் என் மகள் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

நீங்கள் அனைவரும் உலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். உலைக்கு முன்னால் இருப்பது என் தராசு. தெளிந்த பெட் பாட்டில், பால் வரும் வெள்ளைக் கலன், அட்டை ஆகியவற்றுக்கு எங்களிடம் விலை உண்டு. சிப்ஸ் பொட்டலம், ரொட்டிப் பை, சாக்லேட் தாள் ஆகியவற்றுக்கு விலை இல்லை. விலை இல்லாததை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அதனால்தான் வெள்ளத்துக்குப் பின் ஆற்றின் வாயில் அவை கிடக்கின்றன. நாடு முழுவதும் அறுபதாயிரம் முதல் தொண்ணூறாயிரம் பேர் வரை இவ்வேலையில் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்கள் எடுக்காததை எந்த இயந்திரமும் இங்கே எடுக்கப்போவதில்லை.

ஈரத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஒரு மூட்டைப் பையை எடைபோட்டு வாங்கி, வெயிலில் விரித்துக் காயவைத்தபோது மூன்றில் ஒரு பங்கு எடை காணாமல் போன நாள் உண்டு. அது தண்ணீரும் மண்ணும்.

இன்னொன்று. என் முற்றத்தில் பிரிக்கும் பெண்கள் எந்தக் கருவியும் இல்லாமல் பிரிக்கிறார்கள். கசக்கினால் சரசரவென்று ஒலிப்பது ஒரு வகை, ஓசையின்றி இழுபடுவது இன்னொரு வகை. இவர்களுள் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுவார். இந்த அறிவு உங்கள் ஆய்வுக்குப் பயன்படுமா என்று எனக்குத் தெரியாது.

சுண்ணாம்புக்கல்

பக்கிக்கார அண்ணே, உங்கள் கடைசிப் பத்தியில்தான் இந்த இழைக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெப்பச்சிதைவு எண்ணெயின் முதல் எதிரி குளோரின். பி.வி.சி.யின் எடையில் 57 விழுக்காடு குளோரின். ஒரு டன் கழிவில் ஒரு விழுக்காடு, அதாவது பத்துக் கிலோ பி.வி.சி. நழுவி விட்டாலும், 5.7 கிலோ குளோரின் உலைக்குள் போகிறது. அதன் பெரும்பகுதி 250 முதல் 350 பாகைக்குள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி உலையின் எஃகை அரிக்கும். மொத்தக் குளோரினில் இருபதில் ஒரு பங்கே எண்ணெயில் தங்கியது என்று தாராளமாக எண்ணிக்கொண்டாலும், 700 கிலோ எண்ணெயில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 400 பங்கு குளோரின் இருக்கும். நீராவிப் பிளப்பு உலைகள் ஏற்பதோ பத்துக்கும் குறைவு. ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகள் தூய பாலிஎதிலீன் மணிகளை வாங்கி உலையிலிட்டு அழகான எண்ணெய் எடுத்துக் காட்டுகின்றன. அவற்றுள் எதுவும் பக்கிக்காரரின் மூட்டையைச் சந்தித்ததில்லை.

பெட் நழுவினாலும் தொல்லைதான். அது டெரிப்தாலிக் அமிலத்தையும் பென்சோயிக் அமிலத்தையும் பதங்கமாக அனுப்பும். அவை குளிர்ந்த குழாயில் வெண்படிகமாகப் படிந்து அடைக்கும். சாம்பிராணியிலிருந்து பழங்காலத்தில் எடுத்த அதே பென்சோயிக் அமிலம்தான். பூசையறையில் மணக்கும் பொருளின் உறவினர் ஆலையில் குழாயை அடைக்கிறார்.

இப்போது நுட்பமான இடத்துக்கு வருகிறேன். குளோரின் எல்லாம் பி.வி.சி.யிலிருந்தே வருகிறது என்று எண்ணக் கூடாது. சிப்ஸ் பொட்டலத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் உப்பும் குளோரின்தான். கடற்கரையில் பொறுக்கியதில் கடல் உப்பும் சேரும். இறைச்சியைச் சுற்றும் சில தாள்களில் வேறொரு குளோரின் பாலிமர் மெல்லிய பூச்சாக இருக்கும். உப்பைத் தண்ணீர் கழுவிவிடும், பூச்சையும் பி.வி.சி.யையும் எத்தனை முறை கழுவினாலும் போகாது, அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். ஆகவே ஒரே எண்ணாக "குளோரின் இவ்வளவு" என்று அளப்பதில் பயனில்லை. எவ்வளவு கழுவிப் போகிறது, எவ்வளவு பிரித்துப் போகிறது, இரண்டுக்குப் பின்னும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அறிந்தால்தான் எந்தச் செலவு தகும் என்று சொல்ல முடியும். பக்கிக்காரரின் முற்றத்துப் பெண்கள் பிரித்த மூட்டையும் பிரிக்காத மூட்டையும் ஒரே உலையில் தரும் எண்ணெய்களின் வேறுபாட்டை யாரேனும் முறையாக அளந்தால், அவர்களின் வேலைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதற்கு வேதியியல் அடிப்படை கிடைக்கும்.

மெரிபேங்க் மகள்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் ஒரு கணக்கைக் கேட்காமல் விடமாட்டேன். உலையில் ஆயிரம் கிலோ நெகிழி போனால், புதிய நெகிழியாக எத்தனை கிலோ திரும்பி வருகிறது? எண்ணெயாக்கி டீசலுடன் கலந்து எரித்துவிட்டு அதை மறுசுழற்சி என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது சுற்றி வளைத்த எரிப்பு.

பழைய கொதிகலன்

முறையான கேள்வி. விளக்கத்துக்காக மட்டும் எண்களை வைத்துக் கணக்கிடுகிறேன். ஆலைக்கு ஆலை இது மாறும்.

ஆயிரம் கிலோ பாலிஎதிலீனில் 700 கிலோ எண்ணெய், 200 கிலோ வாயு, 100 கிலோ கரியும் மெழுகும் என்று கொள்வோம். வாயுவை உலையின் சூட்டுக்கே எரிக்கிறார்கள். எண்ணெயில் பாதி மட்டும் நாஃப்தா என்னும் இலேசான பகுதி. அது 350 கிலோ. நாஃப்தாவைப் பிளந்தால் எதிலீன் ஏறத்தாழ 30 விழுக்காடு, புரோப்பிலீன் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஆக 350 கிலோவிலிருந்து 160 கிலோ அளவுக்கு மட்டுமே புதிய நெகிழிக்கான பொருள் கிடைக்கும். எண்ணெய் முழுவதையும் ஹைட்ரஜனேற்றிப் பிளப்பு உலைக்கே அனுப்பினால் இது இருமடங்காகும். எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல் வேறெங்கோ போகிறது.

பொட்டலத்தின் மேல் "மறுசுழற்சி நெகிழி" என்று அச்சிடுவதற்குப் பயன்படும் பொருண்மைச் சமநிலைக் கணக்கில், உலையில் போன கழிவின் பங்கை விருப்பமான விளைபொருளின் கணக்கில் எழுதிக்கொள்ளச் சில விதிகள் இடம் தருகின்றன. ஒரே பானையில் கங்கை நீரையும் குழாய் நீரையும் ஊற்றிவிட்டு, ஒரு குவளையை மட்டும் எடுத்து "இது முழுவதும் கங்கை" என்று விற்பதைப் போன்றது அது. கணக்கு முறையாக அதற்கு நியாயம் சொல்ல முடியும். வாங்குபவர் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

சுண்ணாம்புக்கல்லுடன் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். பிரித்தலை மேம்படுத்தினால், பிரித்த பாலிஎதிலீனை எதற்கு உலையிலிட வேண்டும்? கழுவி, உருக்கி, குப்பைப் பையாகவோ வேலிக் கம்பமாகவோ செய்துவிடலாமே? ஆற்றலும் குறைவு, கார்பனும் குறைவு. இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதையும், 2019 ஜூன் முதல் கார்பன் வரி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கல்

ஏற்கிறேன், ஐயா. பிரிக்கப்பட்ட ஒற்றை நெகிழிக்கு உருக்குவதே முதல் வழி. ஆனால் சிப்ஸ் பொட்டலம் உலோகப் பூச்சும் அச்சும் ஏற்றிய படலம்; அதையும் ரொட்டிப் பையையும் கலந்து உருக்கினால் பலவீனமான, நாற்றமுள்ள, கருநிறப் பொருளே வரும். குளோரினை நீக்கும் அளவுக்குப் பிரித்து, ஆனால் பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன் என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாத கலவை ஒன்று இருக்கிறது அல்லவா? அந்த இடைப்பட்ட குவியலுக்குத்தான் உலை. அக்குவியல் எவ்வளவு பெரிது என்பதை ஒருவர் நேரில் போய் அளந்தால்தான் தெரியும்.

மெரிபேங்க் மகளுக்கும் ஒரு சொல். நெகிழி உற்பத்தியையே குறைக்க வேண்டுமா என்ற வழக்கு எங்கள் உலையில் தீராது. 2022 மார்ச்சில் நைரோபியில் உலக உடன்படிக்கை செய்வதென்று முடிவெடுத்தவர்கள், 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடி, பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் முட்டி நின்றார்கள்.

உம்கெனிக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. நெறியாளரிடம் இந்த இழையின் சாரத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வினையூக்கியை விட்டுவிடு" என்றார்.

புதிய திட்டம் இது. வாங்க ஆளில்லாத மென்படலக் கழிவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ரொட்டிப் பை, சிப்ஸ் பொட்டலம், மேலுறை. அதை நான்கு நிலைகளில் ஆராய்வேன். பிரிக்காமலும் கழுவாமலும், கழுவி மட்டும், பிரித்து மட்டும், பிரித்துக் கழுவியும். பிரிப்பவர்கள் அண்ணனின் முற்றத்துப் பெண்கள். அவர்களின் நேரத்துக்கு ஆய்வு நிதியிலிருந்து கூலி கொடுக்க நெறியாளர் இசைந்திருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் எத்தனை கிலோ பிரித்தார்கள் என்பதும் தரவாகப் பதிவாகும். ஒவ்வொன்றையும் ஒரு லிட்டர் எஃகு உலையில் நைட்ரஜன் சூழலில் 450 பாகைக்கு ஏற்றி, எண்ணெய், மெழுகு, வாயு, கரி ஆகிய நான்கையும் எடைபோடுவேன். நான்கின் கூட்டல் உள்ளே போன எடையுடன் ஒத்துவராத ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். குளோரினைக் கழிவிலும் எண்ணெயிலும் கரியிலும் கழுவிய நீரிலும் தனித்தனியே அளப்பேன்.

மெரிபேங்க் அக்காவின் கேள்வியையும் சேர்த்திருக்கிறேன். உலையைத் தொடங்கும் முதல் அரைமணியிலும் நிறுத்திய பின் ஒரு மணியிலும் வெளியேறும் வாயுவைத் தனிப் பையில் பிடித்து, அதில் பென்சீனையும் ஹைட்ரஜன் குளோரைடையும் பார்ப்பேன். சிறு உலையின் எண்ணைப் பேராலைக்கு அப்படியே பொருத்த முடியாது என்று நெறியாளர் எச்சரித்தார். ஆயினும் அந்த வரிசை அட்டவணையில் இருக்கும்.

மாதிரி எடுப்பதைப் பற்றி மட்டும் ஐயம் இருக்கிறது. ஒரு மூட்டையிலிருந்து ஐம்பது கிராம் எடுத்தால், அது மூட்டையைப் போல இருக்கும் என்று எப்படி நம்புவது?

சுண்ணாம்புக்கல்

நம்பாதீர்கள். பத்து மூட்டைகளையாவது ஒன்றாகக் கொட்டுங்கள். களத்துமேட்டில் நெல் அம்பாரத்தைக் கிளறுவது போல மூன்று முறை கிளறிக் கூம்பாகக் குவித்து, மேலே அழுத்தித் தட்டையாக்கி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரு பங்குகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குங்கள். மீண்டும் குவித்து, மீண்டும் பிரித்து, சில கிலோ வந்ததும் நிறுத்தி, அதை நறுக்கிய பிறகே ஐம்பது கிராமுக்குப் போங்கள். மூன்று வெவ்வேறு வாரங்களில் இதைச் செய்யுங்கள். திருவிழா வந்த வாரமும் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். தைப்பூசக் காவடிக்கு மறுநாள் வரும் குப்பை சாதாரண நாளின் குப்பை அன்று.

முற்றத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. செப்புக் கம்பியின் முனையை எரிவாயுச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஐயத்துக்குரிய துண்டின் மேல் அழுத்தி, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது இதற்கு உதவாது. பாலிஎதிலீன் மிதக்கும் என்பது சரி, ஆனால் பெட்டும் பி.வி.சி.யும் இரண்டும் மூழ்கிவிடும்.

மெரிபேங்க் மகள்

அந்தச் சுடர்ச் சோதனையைத் திறந்த வெளியில், பிரிக்கும் பெண்கள் பக்கம் புகை வீசாத திசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறு துண்டுதான் என்று சொல்லாதீர்கள். நாளுக்கு நாற்பது முறை செய்தால் அது சிறு துண்டு அன்று.

பக்கிக்காரன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள், பாப்பா. அதற்குப் பின் லாரிகள் வந்துவிடும், தரையில் விரிக்க இடமிருக்காது. பத்து மூட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன், காய்ந்தவைதான். மூத்தவரிடமும் சொல்லிவிட்டேன், கூலி உண்டு என்றதும் முதலில் நம்பவில்லை. மூட்டைகளைக் கறுப்பு நாடாவால் சுற்றி, எண் எழுதி வைக்கவா?

சுண்ணாம்புக்கல்

அண்ணே, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவா? வேண்டாம், அது பி.வி.சி. ஒரு துண்டு உள்ளே விழுந்தால் இவரது இரண்டாண்டு உழைப்பும் குழம்பிவிடும்.

உம்கெனிக்கரை

சணல் கயிறு வாங்கிக்கொண்டு வருகிறேன், அண்ணா. எண்ணைக் காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கட்டுவோம்.